"தேர்ச்சி நிச்சயம்" வகுப்பில் பணம் கட்டலாமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) 5 பாயின்ட் இடிக்கிறது, அதனால் நாட்டி சிசிஎல் தேர்வுக்குத் தமிழில் பதிவு செய்யப் போகிறேன். (நாட்டி என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் ஆஸ்திரேலிய அமைப்பு; சிசிஎல் அது நடத்தும், ஆங்கிலம்-தமிழ் உரையாடலை வாய்மொழியாக மொழிபெயர்க்கும் தேர்வு.) "தேர்ச்சி நிச்சயம், தேர்வில் வந்த உரையாடல்களையே தருகிறோம்" என்கிறது ஒரு பயிற்சி வகுப்பு. இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடியாம். கட்டிவிடவா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். மதிப்பெண் போடுவது நாட்டி. வகுப்பு நடத்துகிறவர் எதை வைத்து நிச்சயம் சொல்கிறார்? தேறாவிட்டால் பணம் திரும்ப வருமா, இல்லை மறுபடி வகுப்பில் உட்காரலாம் என்பதோடு சரியா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். "வந்த உரையாடல்" என்பது இன்னும் மோசம். தேர்வில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது நாட்டியின் விதி. அதை விற்கிறவரிடம் நீங்கள் ஏன் வாங்க வேண்டும்?

தேர்வில் இரண்டு உரையாடல்கள், தலா 45 மதிப்பெண். மொத்தம் 90க்கு 63 வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 29. ஒரே மூச்சில் மொழிபெயர்க்க வேண்டிய ஒரு துண்டு அதிகபட்சம் 35 சொற்கள்தான். ஆனால் வாடகை வீட்டு உரையாடலில், "சுவரில் சேதம் இல்லை என்றால், சாவி கொடுத்த பிறகு பாண்ட் பணம் திரும்பக் கிடைக்கும்" (பாண்ட் என்பது வாடகை முன்வைப்புத் தொகை) என்று வர வேண்டிய இடத்தில், "பாண்ட் பணம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நிபந்தனை விழுந்துவிட்டது, மதிப்பெண்ணும் போயிற்று. நம்மவர்கள் பலரும் ஆங்கிலத்தில் சறுக்குவதில்லை, தமிழில்தான். "டாக்டர் ரெஃபரல் குடுத்தாங்க, ஸ்பெஷலிஸ்ட்டை கன்சல்ட் பண்ணணும்" என்றே பேசிப் பழகிய நாக்கு, "பரிந்துரைக் கடிதம்" என்ற சொல்லுக்குத் தடுமாறும். (எனக்கும்தான்!)

அதனால் முதலில் நாட்டி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரி உரையாடல்களை எடுங்கள். ஒலியை நிறுத்தி, குறிப்பெடுத்து, சொன்னதைப் போனில் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். எண், தேதி, "இல்லாவிட்டால்", "வரை" போன்றவை எத்தனை நழுவின என்று எண்ணுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தபின்னும் தடுமாறினால் பணம் செலவழிக்கலாம், அதுவும் உங்கள் பதிவைக் கேட்டுத் தனித்தனியாகத் திருத்தித் தருகிறவருக்கு மட்டும்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், அந்த விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் சட்டவிரோதம். விக்டோரியாவின் நுகர்வோர் விவகார அலுவலகத்தில் புகார் செய்யலாம்.