பின்விளக்கைத் தூக்கினால் பெட்ரோல்

கேள்வி: என் அப்பா 60களில் புக்கிட் தீமாவில் ஒரு சீன முதலாளியிடம் டிரைவராக இருந்தார். கூரையை மடக்கிய பெரிய அமெரிக்க கெடிலாக் கார் பக்கத்தில் அவர் நிற்கும் படம் வீட்டில் இருக்கிறது. பின்புறம் ‘1953 மாடல்’ என்று எழுதியிருக்கிறார். பின்விளக்கைத் தூக்கித்தான் அதில் பெட்ரோல் ஊற்றுவார்களாம். பேரப்பிள்ளைகள் "தாத்தா ரீல் விட்டிருக்கார்" என்கிறார்கள். உண்மையா? அது கெடிலாக்கின் உயர்ரக மாடலான எல்டொராடோவா? பேரன் ஒன்று வாங்கப் போவதாக வேறு சொல்கிறான்.
- வாசகி, தோ பாயோ

பதில்: ரீல் இல்லையம்மா. அந்த பெட்ரோல் மூடியைத் தேடி முழித்தவன் நான். 1962இல் ஜாலான் புசார் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எடுபிடி வேலை, பதினாலு வயது. அப்படி ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு பக்கமும் தடவினேன், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கி வந்து, இடப்பக்க விளக்குக்குக் கீழே இருந்த சிவப்பு வட்டத்தை அழுத்தினார். விளக்கு வாயைப் பிளந்தது, உள்ளே மூடி! 1941 மாடலிலேயே வந்துவிட்ட வித்தை இது. பின்பக்கம் எழும்பி நிற்கும் வால்சிறகு பிறகுதான், 1948இல். லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் வாலில் கெடிலாக்கைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் மயங்கியதன் பலன்.

எல்டொராடோவா என்பதற்குப் படத்தில் பின் சீட்டுக்குப் பின்னால் பாருங்கள். மடக்கிய கூரை துணி உறைக்குள் புடைத்துக்கொண்டிருந்தால் அது கெடிலாக்கின் சாதாரண 62 வரிசை (Series 62). எல்டொராடோவில் கூரை ஓர் உலோக மூடிக்கு அடியில் மறைந்துவிடும், மேலே சமமாக இருக்கும். கதவின் மேல்விளிம்பும் நடுவில் சற்றே பள்ளமாக இறங்கும். 1953இல் செய்தது 532 வண்டிதான்; விலை 7,750 அமெரிக்க டாலர், கூரை மடக்கும் சாதாரண 62 வண்டியோ 4,100 சொச்சம். அந்த 532இல் ஒன்றை ஓட்டியிருந்தால் அப்பா மாடலோடு விட்டிருப்பாரா, பேரையும் எழுதியிருப்பார். என் கணக்கு, 62தான்.

பேரன் விஷயம்: 35 வயது தாண்டிய வண்டிகளுக்கு இங்கே சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். சரி, நிறுத்துவது எங்கே? வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்பேட்டைக் கட்டம் 4.8 மீட்டர். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.