ஒரு போகத் தண்ணீரை விற்றால் உரிமை போய்விடுமா?

இந்தப் போகம் நிலத்தைத் தரிசாக விட்டு, உங்கள் பங்குத் தண்ணீரைப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு விற்கலாமா, விற்றால் உரிமையே போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வருஷத்துத் தண்ணீரை விற்பது வேறு, உரிமையை விற்பது வேறு. ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் இரண்டுக்கும் தனித்தனிச் சந்தையே உண்டு. 2000களின் கடும் வறட்சியில் அங்கே நெல் விவசாயிகள் பலர் விதைக்காமல் அந்த வருஷத்து ஒதுக்கீட்டை மட்டும் பழத்தோட்டங்களுக்கு விற்றார்கள். நெல்லை ஒரு வருஷம் விடலாம், மரம் காய்ந்தால் மறுபடி வளர்க்கப் பல வருஷம் ஆகுமே! உரிமை விற்றவர்களிடமே இருந்தது. நீங்களும் 'இந்தப் போகத்துக்கு மட்டும்' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆனால் பல இடங்களில் தண்ணீர் நிலத்தோடு சேர்ந்தது, தனியாக விற்கவே முடியாது, அதை முதலில் விசாரியுங்கள்.

எனக்குக் கவலை வேறு. உங்கள் மடையில் பாயும் 100 பங்கில் பயிர் குடிப்பது 60, மீதி 40 வடிந்து கீழே உள்ளவரின் வயலுக்கோ கிணற்றுக்கோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 100ஐயும் விற்று, வாங்கியவர் சொட்டுநீர் போட்டு சொட்டு விடாமல் மரத்துக்கே கொடுத்துவிட்டால், அந்த 40 யாருடையது? கீழ்மடைக்காரர் மண்வெட்டியோடு உங்கள் வரப்பில்தான் வந்து நிற்பார். அதனால் 60ஐ மட்டும் விற்பதுதான் நியாயம். அப்புறம், தோப்பு உங்களுக்குக் கீழே இருந்தால் வழியில் கசியும் தண்ணீர் யார் கணக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.