டேகேர் செலவை மூவர் பகிரும்போது எஃப்எஸ்ஏவில் எவ்வளவு போடலாம்?

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். ஒரே குழந்தை, டேகேருக்கு மாதம் 1,200 டாலர். எங்கள் நிறுவனம் 'ட்ரை-ஷேர்' திட்டத்தில் சேர்கிறது. 2026க்கு டேகேர் எஃப்எஸ்ஏவில் (சம்பளத்தில் வரிக்கு முன் பிடித்து வைக்கும் குழந்தைப் பராமரிப்புக் கணக்கு) 5,000 டாலர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். ஆனால் 5,000 அதிகம்.

2021இல் முன்னோட்டமாக வந்த ட்ரை-ஷேர் திட்டத்தில் நிறுவனம், ஊழியர், மாநில அரசு மூன்றும் கட்டணத்தைச் சமமாக மூன்றாகப் பிரித்துக்கொள்கின்றன. உங்களுக்கு ஆளுக்கு 400. டேகேர் உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துக்கொள்வது செல்லாது. குடும்ப வருமானத்துக்கும் வரம்பு உண்டு என்பதால் கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள்.

சிக்கல் வரியில்தான். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பங்கும், நீங்கள் எஃப்எஸ்ஏவில் பிடித்தம் செய்யும் பணமும் வருமான வரிச் சட்டத்துக்கு ஒரே கணக்கு. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 7,500 டாலர் வரைதான் வரியில்லை (2026 முதல்; அதற்கு முன் 5,000). நிறுவனத்தின் பங்கு 12 மாதத்துக்கு 4,800. அதோடு உங்கள் 5,000 சேர்ந்தால் 9,800. கூடுதலான 2,300க்கு வரி விழும். உங்கள் கையிலிருந்து போவதே 4,800தான் என்பதால், மிச்சம் 200க்கு ரசீதும் காட்ட முடியாது. எனவே எஃப்எஸ்ஏவை 2,700ஆகக் குறையுங்கள். ஆண்டு நடுவில் டேகேர் செலவு மாறினால் திருத்தப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. கெடு பெரும்பாலும் 30 நாள்தான், எச்.ஆரிடம் உடனே கேளுங்கள். நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வின் 10ஆம் பெட்டியில் இரண்டும் சேர்ந்த தொகை வரும். 7,500 வரியில்லாமல் போய்விட்டால், குழந்தைப் பராமரிப்பு வரிக்கழிவுக்கான படிவம் 2441இல் ஒரு குழந்தைக்கான 3,000 டாலர் செலவு வரம்பு பூஜ்யமாகிவிடும். வரிக்கழிவை எதிர்பார்க்க வேண்டாம்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது இன்னொன்றில். மனைவியோ கணவரோ எச்-4இல் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) வேலையில்லாமல் இருந்தால், முழுநேர மாணவராகவோ தன்னைத்தான் கவனித்துக்கொள்ள இயலாதவராகவோ இருந்தாலொழிய, இந்த 7,500 சலுகையே கிடையாது. முழுத்தொகையும் வரிக்குரிய சம்பளமாகும். இருவரில் யாருடைய சம்பாத்தியம் குறைவோ, அது 7,500க்கும் கீழே இருந்தால் அதுதான் உச்சவரம்பு.

வேலை மாறினால் நிறுவனத்தின் 400 நிற்கும், அதோடு அரசின் 400ம் நிற்கும். புது நிறுவனம் சேராவிட்டால் அடுத்த மாதம் 1,200ம் உங்கள் தலையில். ராஜினாமா தேதியை டேகேர் பில் தேதியோடு பொருத்திப் பார்த்த பிறகு கடிதம் கொடுங்கள்.