கால் நிறம் மாறிப் பிறக்கும் குஞ்சுகள்: நாட்டுக்கோழி இனப்பெருக்கம், கேள்வி பதில்

கிளிமூக்கு (கிளி போல வளைந்த அலகுள்ளது), சிறுவிடை (உருவில் சிறியது), கடக்நாத் (தோலும் சதையும் கறுத்தது) ஆகிய கோழி இனங்களை வளர்ப்பவர்கள் கேட்டவற்றில் இறகு நிறம், கால் நிறம் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திண்டுக்கல்: அண்ணே, கிளிமூக்கில் சேவலும் வெள்ளைக்கால், பெட்டையும் வெள்ளைக்கால். எட்டுக் குஞ்சில் இரண்டு மஞ்சள் காலாக நிற்கிறது. வேறு சேவல் ஏறியிருக்குமா?

உங்கள் சேவல் மேல் பழி போட வேண்டாம் தம்பி. வெள்ளைக்கால் ஓங்கும் குணம், ஒரு பக்கம் இருந்து வந்தாலே வெளியே தெரியும். மஞ்சள் கால் ஒடுங்கும் குணம், இரண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் தெரியும். அப்பன் ஆத்தா இருவருமே மஞ்சளை உள்ளே வைத்திருந்தால் நாலில் ஒன்று மஞ்சளாகப் பிறக்கும். எட்டில் இரண்டு என்பது கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது. நேர்மாறாக, இரண்டு பக்கமும் மஞ்சள் காலாக இருந்து வெள்ளைக்கால் பிறந்திருந்தால்தான் வேறு சேவலைச் சந்தேகப்பட வேண்டும்.

வெள்ளைக்கால்தான் வேண்டும் என்றால், சேவலை ஒரு மஞ்சள் கால் பெட்டையோடு சேர்த்துப் பாருங்கள். பத்துக் குஞ்சும் வெள்ளைக்காலாக வந்தால் அவனிடம் மஞ்சள் இல்லை என்று நம்பலாம். ஒன்று மஞ்சளாக வந்தாலும் அவனிடம் இருக்கிறது.

வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் காலை மஞ்சளாகக் காட்டும் இந்த மஞ்சள் தோல் அதனிடம் இருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்தது என்று 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிறதே, அதே காட்டுக்கோழிதான். மஞ்சள் காலைக் கலப்படம் என்று ஒதுக்குகிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

தாராபுரம்: பச்சைக்கால் சேவலை வெள்ளைக்கால் பெட்டைகளோடு விட்டேன். பெட்டைக் குஞ்சுகள் நீலம் கலந்த சாம்பல் கால், சேவல் குஞ்சுகள் எல்லாம் வெள்ளைக்கால். பச்சை எங்கே போயிற்று?

அருமையான கேள்வி. கால் நிறத்தில் பாதி விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது.

கோழிக் காலில் பச்சை என்று தனிச் சாயம் கிடையாது. அடித்தோலில் கறுப்பு இருந்து, மேலே மஞ்சள் படர்ந்தால் கண்ணுக்குப் பச்சை. அதே கறுப்பின் மேல் தோல் வெள்ளையாக இருந்தால் நீலச் சாம்பல். உங்கள் குஞ்சுகள் ஆத்தாவிடம் இருந்து வெள்ளைத் தோலை வாங்கிவிட்டன, அதனால் பச்சை தெரியவில்லை.

ஆணுக்கு ஒன்று, பெட்டைக்கு ஒன்று என்று வந்தது ஏன்? அடித்தோல் கறுப்பைத் தடுக்கும் மரபணு, ஆணா பெண்ணா என்பதோடு சம்பந்தப்பட்ட இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு. பெட்டைக்கு ஒன்றுதான், அதுவும் அப்பனிடம் இருந்து வருவது. உங்கள் பச்சைக்கால் சேவலிடம் அந்தத் தடுப்பு இல்லை, ஆகவே மகள்கள் அத்தனைக்கும் கறுப்பு வெளியே வந்துவிட்டது. மகன்களுக்கு ஆத்தாவிடம் இருந்து ஒரு தடுப்பு கிடைத்தது, கால் வெளுத்துவிட்டது. ஆனால் அந்த மகன்கள் கறுப்பை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வெள்ளைக்கால் பெட்டையோடு விட்டால் அவர்களுடைய மகள்களில் பாதி கருத்த காலோடு வரும்.

பச்சை திரும்ப வேண்டுமானால் இந்த நீலச் சாம்பல் கால் மகள்களை இன்னொரு பச்சைக்கால் சேவலோடு சேருங்கள். பாதிக்குப் பாதி பச்சை கிடைக்கும். அப்பனோடே சேர்த்தாலும் கிடைக்கும்தான், ஆனால் ரத்தம் நெருங்கிவிடும். வெளிச் சேவலே நல்லது.

ஈரோடு: கடக்நாத் பெட்டையும் வெள்ளைக்கால் நாட்டுச் சேவலும் சேர்ந்த குஞ்சுகள் ஏன் கறுப்பாக இல்லை? பக்கத்துத் தோட்டத்தில் கடக்நாத் சேவல், வெள்ளைக்கால் நாட்டுப்பெட்டை. அங்கே பெட்டைக் குஞ்சுகள் நல்ல கறுப்பு.

மேலே சொன்ன அதே தடுப்புதான். நாட்டுச் சேவல் அதை மகன் மகள் இருபாலுக்கும் கொடுத்துவிட்டான், கறுப்பு அமுங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் சேவலே கடக்நாத், அதனால் மகள்கள் தப்பின. அங்கேயும் சேவல் குஞ்சுகளைப் பாருங்கள், வெளிறித்தான் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். அந்தக் கறுத்த மகள்களைச் சுத்தக் கடக்நாத் என்று யாருக்கும் விற்காதீர்கள். மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதியின் இனம் அது, 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்குகிறவர் அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். அடுத்த தலைமுறையில் பல நிறமாகப் பிரியும்போது ஏமாந்தது தெரியவரும்.

நாமக்கல்: சாம்பல் நிறச் சேவல், சாம்பல் நிறப் பெட்டை. குஞ்சில் கறுப்பும் வருகிறது, வெள்ளையில் சாம்பல் தெளித்த மாதிரியும் வருகிறது. எப்போது சுத்தமாகும்?

ஆகாது. இந்தச் சாம்பல் என்பது கறுப்பில் அரைப்பங்கு வெளுப்பு. சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் நாலில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று தெளித்த நிறம். எத்தனை தலைமுறை போனாலும் இதே கணக்கு. எல்லாமே சாம்பல் வேண்டும் என்றால் காகத்தையும் (முழுக் கறுப்பு) தெளித்த நிறத்தையும் சேருங்கள்.

சேலம்: முட்டை வைக்க ஆரம்பித்ததும் மஞ்சள் கால் வெளுத்துவிட்டது ஐயா. நோயா?

நோய் இல்லை அம்மா. தீனியில் கிடைக்கும் மஞ்சள் சத்து முட்டைக் கருவுக்குப் போய்விடுகிறது. முதலில் ஆசனவாய் வெளுக்கும், அப்புறம் கண் விளிம்பு, அலகு, கடைசியில் கால். அடை உட்கார்ந்து முட்டை நின்றால் நிறம் திரும்பும். மக்காச்சோளம், கீரை, முருங்கை இலை கொடுங்கள். கால் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை முதல் முட்டைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கரூர்: இரண்டு மாதக் குஞ்சில் நிறம் பார்த்துக் கழிக்கலாமா?

வேண்டாம். குஞ்சு இறகு இன்னும் உதிர்ந்து மாறும். ஐந்தாறு மாதம் பொறுங்கள்.

கரூர்: சேவலை மாற்றினால் எத்தனை நாள் கழித்து முட்டையை அடைக்கு எடுக்கலாம்?

மூன்று வாரம். பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் அதுவரை உயிரோடு இருக்கலாம். இதைக் கவனிக்காமல் எடுத்த முட்டையில்தான் பாதிப் பேர் ‘நிறம் தவறிவிட்டது’ என்று வருகிறார்கள்.

மதுரை: என் சேவலுக்கு மூக்கு, வால், நெஞ்சு எல்லாம் அருமை. கால் மட்டும் மஞ்சள். எனக்கு வெள்ளைக்கால்தான் வேண்டும். கொடுத்துவிடவா?

கொடுக்காதீர்கள் தம்பி. நானும் ஒரு காலத்தில் நிறம் தவறியதை எல்லாம் கழித்து, ஒரே சேவலை அதன் மகள்கள், பேத்திகள் மேலேயே விட்டேன். நிறம் ஒன்றுபோல வந்தது. முட்டை பொரிப்பது வருடா வருடம் குறைந்தது, பொரித்த குஞ்சும் நோஞ்சான். அந்த வரிசையே என்னிடம் இப்போது இல்லை. இன்னும் நினைத்தால் வலிக்கிறது.

மஞ்சளைச் சுமக்காத வெள்ளைக்கால் பெட்டை கிடைத்தால் உங்கள் சேவலின் முதல் குஞ்சுகள் அத்தனையும் வெள்ளைக்காலாகவே வரும், மூக்கும் வாலும் கூடவே வரலாம். அவை மஞ்சளை உள்ளே சுமப்பதால், அடுத்த ஜோடிக்கு உறவில்லாத வெள்ளைக்கால் தேடுங்கள். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுக்கும் தனி நிற வளையம் போட்டு, எந்த அப்பன், எந்த ஆத்தா என்று நோட்டில் எழுதுங்கள். வளரும் குஞ்சுக்குக் கால் பருக்கும், வளையத்தை அவ்வப்போது பெரிதாக மாற்ற மறக்காதீர்கள்.