கத்தலான் பேச்சால் வந்த மனக்கசப்பு

வணக்கம். ஸ்பானிஷ் பழகும்போது பார்சிலோனா நண்பரிடம் கத்தலானை 'ஸ்பானிஷின் வட்டார வழக்கு' என்று சொல்லப்போய், இரண்டு வாரமாக அவர் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அவர் கோபம் நியாயம்தான். கத்தலான் லத்தீனிலிருந்து தனியாக வளர்ந்த மொழி. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் அதைப் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் ஒடுக்கி வைத்திருந்தார்கள். 1978 அரசியல் சட்டம் வந்த பிறகுதான் காஸ்தெயானோவோடு அதற்கும் பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. ஆமாம், சட்டத்தில் ஸ்பானிஷுக்குப் பெயர் காஸ்தெயானோதான். அவரிடம் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

முதலில் 'பெர்தோன், மே எகிவோகே' (மன்னியுங்கள், நான் தவறாகச் சொல்லிவிட்டேன்) என்று ஒரு வரி அனுப்புங்கள். அப்புறம் 1965இல் சென்னை மாணவர்கள் இந்தியை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததைச் சொல்லுங்கள். நானும் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு வலென்சியாக்காரரிடம் இதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அரைமணி நேரம் கேள்விமேல் கேள்வி கேட்டார்.

இன்னொன்று. மறுக்கும்போது 'நோ எஸ் அசி' (அப்படி இல்லை) என்று வெட்டிப் பேச வேண்டாம். 'நோ க்ரேயோ கே சேயா அசி', அதாவது 'அப்படி இருக்கும் என்று தோன்றவில்லை' என்று சொல்லுங்கள். 'எஸ்' என்பது 'சேயா' ஆகிறது பாருங்கள், நம்மைப் படுத்தும் சப்ஜங்க்டிவ் (சந்தேகம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்) அதுதான். வாக்குவாதத்தில்தான் எனக்கு அது படிந்தது.