கீழ் பெர்த்தில் அம்மா

மும்பை செம்பூரிலிருந்து 59 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜூனில் மியூனிக்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய், அங்கே 14 நாளைக்கு ஒரு மோட்டார் ஹோம் (படுக்கையோடு வீடு மாதிரி இருக்கும் பெரிய வேன்) வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து வழியாகப் பாரிஸ் வரை போகத் திட்டம். அவர், மனைவி, மகன், மருமகள், 81 வயது அம்மா. வழி காட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு 50,000 ரூபாய் வரை செலவழிக்கத் தயார். போனே போதுமா, தனிக் கருவி வேண்டுமா, திரை 7 அங்குலமா 10 அங்குலமா என்பது கேள்வி.

கடிதம் இரண்டு பக்கம். ஏறக்குறைய முழுக்கக் கருவிதான். கடைசியில் போகிற போக்கில் இப்படி: “பெல்ட் வைத்த சீட் நாலுதான். அஞ்சு பெல்ட் உள்ள வண்டிக்கு நாளுக்கு 25 யூரோ அதிகம் கேட்கிறார்கள், தண்டச் செலவு. அம்மா பின்னால் பெட்டில் படுத்துக்கொண்டே வந்துவிடுவாள், அவளுக்கும் அதுதான் சௌகரியம்.”

ஐயா, இது சென்னை மெயிலின் கீழ் பெர்த் இல்லை. மோட்டார் ஹோமில் எத்தனை பேர் படுக்கலாம் என்பது ஒரு கணக்கு, ஓடும்போது எத்தனை பேர் உட்காரலாம் என்பது வேறு கணக்கு. அந்தப் படுக்கை வண்டி நின்ற பிறகு படுப்பதற்கு. பெல்ட் உள்ள சீட்டுகளுக்கு மேல் ஒரு ஆளைக்கூட ஏற்றக் கூடாது என்பது ஜெர்மனியில் சட்டம். சட்டம் கிடக்கட்டும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். நீங்கள் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும், பெட்டில் இருக்கும் அம்மா நிற்கமாட்டார்.

அப்புறம் அந்த “அவளுக்கும் அதுதான் சௌகரியம்”. அம்மாவிடம் கேட்டீர்களா? எனக்கு வருகிற கடிதங்களில் இந்த வாக்கியத்தை எழுதும் பிள்ளைகள் யாரும் கேட்டிருப்பதில்லை. ஜன்னல் இல்லாத அறை, கல்யாண வேனின் கடைசி சீட், எல்லாமே அம்மாவுக்குச் சௌகரியம்தான்! ஆல்ப்ஸ் மலையைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போய் 14 நாளும் வண்டிக் கூரையைக் காட்டப் போகிறீர்கள். பெற்றவளைக் கூட்டிக்கொண்டு போவது வேறு, ஏற்றிக்கொண்டு போவது வேறு. ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால் மாட்டுங்காவில் எந்த டெம்போக்காரரும் செய்வார், மகன் எதற்கு?

நாளுக்கு 25 என்றால் 14 நாளுக்கு 350 யூரோ. உங்கள் கருவி பட்ஜெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அம்மாவின் சீட்டுக்குத் தண்டமான பணம் திரைக்கு மட்டும் தண்டமில்லையா?

சரி, கேட்டதற்கு வருகிறேன். போன் போதாது. கூகுள் மேப் உங்கள் வண்டியின் உயரத்தைக் கேட்பதில்லை, மாருதிக்குக் காட்டும் வழியையே 3 மீட்டர் உயர வண்டிக்கும் காட்டும். கிங்ஸ் சர்க்கிள் ரயில்வே பாலத்தடியில் கன்டெய்னர் லாரி மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதிதான். கார்மின் கேம்பர், டாம்டாம் கோ கேம்பர் மாதிரி கருவிகளில் உயரம், அகலம், நீளம், எடை நாலையும் கொடுத்தால் தாழ்ந்த பாலத்தையும் எடை வரம்புள்ள ரோட்டையும் ஒதுக்கி வழி சொல்லும். ஆனால் வாங்குவதற்கு முன் வாடகை ஆபீஸில் கேளுங்கள், வண்டியிலேயே ஒன்று இருந்தால் பணம் மிச்சம்.

உயரத்தைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கூரை மேல் ஏசியோ டிஷ்ஷோ இருந்தால் அதையும் சேர்த்து அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கருவி ஒன்று சொல்லி, பாலத்தின் போர்டு வேறு சொன்னால் போர்டைத்தான் நம்ப வேண்டும். எடையும் முக்கியம். சாதாரண கார் லைசென்ஸுக்கு அங்கே 3,500 கிலோ வரைதான். 100 லிட்டர் தண்ணீர் பிடித்தாலே 100 கிலோ, அஞ்சு பேர், உங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டில்கள் வேறு. வண்டியை மாற்றும்போது இந்தக் கணக்கையும் கேளுங்கள்.

கருவிகளில் ஸ்பீடு கேமரா எச்சரிக்கை வரும். சுவிட்சர்லாந்தில் அதற்குத் தடை, ஜெர்மனியில் ஓட்டுபவர் பயன்படுத்தக் கூடாது, பிரான்ஸில் கேமரா இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டக் கூடாது. மியூனிக்கிலேயே மகனிடம் சொல்லி அதை நீக்கிவிடுங்கள்.

இன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டு வண்டியை மாற்றச் சொல்லுங்கள். ஜூன் சீசன், அஞ்சு பெல்ட் வண்டி தீர்ந்துபோயிருந்தால் ரயிலில் போங்கள். கிடைத்துவிட்டால் முன் சீட் வேண்டுமா, பின்னால் ஜன்னல் சீட் வேண்டுமா என்று அம்மாவையே கேளுங்கள். முன் சீட் என்று சொன்னால் 7 அங்குலமே வாங்குங்கள். 10 அங்குலத் திரை வைத்தால் அவருக்கு மலை மறைக்கும்.