வாசகர் கேள்வி பதில்: ரோபோ கையைத் தொட்டால்தான் பாடம்

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் தொழிற்சாலைகளில் இருப்பது போலவே ஆறு அச்சு (ஆறு சுழலும் மூட்டுகள்) ரோபோ கை ஒன்று இருக்கிறது. சார் இயக்கிக் காட்டுவார், நாங்கள் கூண்டுக்கு வெளியே நின்று பார்ப்போம். சிமுலேஷனில் பழகினாலே போதும் என்கிறார்கள் சீனியர்கள். உண்மையா?
(மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை)

பதில்: போதாது. சிமுலேஷனை நான் மட்டம் தட்டவில்லை. ரோபோஸ்டுடியோ மாதிரி மென்பொருளில் நாள் முழுக்க புரோகிராம் எழுதிப் பார்க்கலாம், எதுவும் உடையாது. ஆனால் அங்கே மேசை நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். லேப் மேசையை யாராவது நகர்த்தியிருப்பார்கள், பொருளைப் பிடிக்கும் கிரிப்பரைக் கழற்றி மாட்டியவர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி மாட்டியிருப்பார், அப்புறம் கணினியில் அழகாக ஓடிய புரோகிராம் இங்கே பொருளைத் தாண்டிப் போய் மேசையில் இடிக்கும்.

அதனால் சாரிடம் முதலில் கேட்டுச் செய்ய வேண்டியது டிசிபி (டூல் சென்டர் பாயின்ட், அதாவது கருவியின் நுனிப்புள்ளி) அளவெடுப்பு. கருவியின் நுனி எங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குத் தானாகத் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆறாவது அச்சின் முனையில் உள்ள தட்டு மட்டும்தான். மேசையில் கூரான முள் ஒன்றை நிறுத்தி, கருவியின் நுனியை நான்கு வெவ்வேறு சாய்வுகளில் அதே முள்முனைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் பதிவு செய்தால், ரோபோவை இயக்கும் கணினியான கன்ட்ரோலரே கணக்குப் போட்டு நுனியைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பிழை எவ்வளவு என்றும் காட்டும். சரியா என்று பார்க்க, இடம் மாறாமல் சாய்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். நுனி முள்ளிலேயே நின்றால் சரி. விலகி ஓடினால் மறுபடியும் முதலிலிருந்து.

இதைச் செய்த பிறகு கேட்டலாக் எண்களும் வேறு மாதிரி தெரியும். ஏபிபி கம்பெனியின் ஐஆர்பி 120 என்ற சின்ன ரோபோவின் எடை 25 கிலோ, தூக்குவது 3 கிலோ, ரிப்பீட்டபிலிட்டி 0.01 மி.மீ. என்று போட்டிருக்கும். அது ஏற்கெனவே கற்றுக்கொடுத்த புள்ளிக்கே திரும்ப வரும் துல்லியம். நீங்கள் எக்ஸ், ஒய், இசட் எண்களைத் தட்டிவிட்டு அதே துல்லியத்தோடு அங்கே போய் நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இன்னொன்று சிங்குலாரிட்டி, அதாவது ரோபோ கை ஏதாவது ஒரு திசையில் நகர முடியாமல் போகும் நிலை. ஐந்தாவது அச்சு பூஜ்ஜியத்துக்கு வரும்போது நான்காவதும் ஆறாவதும் ஒரே கோட்டில் நின்றுவிடும். அந்த இடத்தின் வழியாக நேர்கோட்டில் போகச் சொன்னால் மணிக்கட்டு சர்ரென்று சுழலப் பார்க்கும், இல்லையென்றால் எரர் காட்டி நின்றுவிடும். ஜேக்கோபியன் அணியின் அணிக்கோவை (டிடெர்மினன்ட்) மதிப்பு பூஜ்ஜியம் என்று பரீட்சையில் எழுதுகிறீர்களே, அது இதுதான். மெதுவான வேகத்தில், சார் பக்கத்தில் இருக்கும்போது, வேண்டுமென்றே ஒரு முறை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள்.

கேள்வி: மகன் ரோபோ லேபுக்குப் போகிறான். ஆபத்து இல்லையே?
(ஒரு தாய், மதுரை)

பதில்: ஆபத்து உண்டு அம்மா, அதனால்தான் கட்டுப்பாடும் அதிகம். கற்றுக்கொடுக்கும் மேனுவல் முறையில் கருவி நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. கையில் பிடித்து ரோபோவை இயக்கும் கருவியான டீச் பெண்டன்ட்டில் மூன்று நிலை சுவிட்ச் இருக்கும், அதைப் பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ அசையும். விட்டாலும் நிற்கும், இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயந்துபோனால் மனுஷன் ஒன்று கையை விடுவான், இல்லை இறுக்கிப் பிடிப்பான், இரண்டையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அந்த சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வைக்கும் லேப் என்றால் மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் இருப்பது கூகா கம்பெனி ரோபோ. நான் வேலைக்குப் போக நினைக்கும் கம்பெனியில் ஃபனக் ரோபோ. படித்தது வீணாகுமா?
(பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்)

பதில்: ஆகாது. ஏபிபியில் மூவ்எல், கூகாவில் லின், ஃபனக்கில் வெறும் எல், இந்த மூன்று கட்டளைகளுமே நேர்கோட்டில் போ என்றுதான் சொல்கின்றன. டூல் ஃபிரேம் (கருவியிலிருந்து அளப்பது), பேஸ் ஃபிரேம் (வேலை நடக்கும் இடத்திலிருந்து அளப்பது), மூலையை உருட்டிப் போவதா நின்று போவதா என்பதெல்லாம் எங்கும் இருக்கிற விஷயம்தான், பெயரும் மெனுவும்தான் மாறும். இன்டர்வியூவில் ‘ஃபனக் தெரியுமா’ என்று கேட்டால், கூகாவில் நீங்களே கற்றுக்கொடுத்து ஓட்டிய ஒரு வேலையைப் படம் வரைந்து விளக்குங்கள்.